கையெழுத்துப் போடாதவன் சொல்வது

கோட்டூர்புரத்தில் ஒரு நண்பரின் மூன்றாம் மாடி வீட்டில் மாதம் ஒருமுறை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். கவிதை வாசிப்போம், மொழிபெயர்ப்பு பற்றிச் சண்டை போடுவோம், யாராவது இறந்துபோயிருந்தால் அவர் உயிரோடிருந்தபோது சொல்லாத நல்ல வார்த்தைகளைச் சொல்வோம். சென்ற மாதம் இவை எதுவும் நடக்கவில்லை. காபி வருவதற்கு முன்பே ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. ‘நீலகிரியைக் காக்க எழுத்தாளர்களின் வேண்டுகோள்’ என்பது தலைப்பு. கோரிக்கைகள் மூன்று. சுற்றுலா பஸ்கள் மலை ஏறுவதை அறவே நிறுத்த வேண்டும். தோட்டங்களையும் பண்ணைகளையும் சுற்றிப் பார்க்கும் அனுமதியை ‘ரசனையுள்ள சிறு குழுக்களுக்கு’ மட்டுமே தர வேண்டும். மலைக்கிராமச் சாலைகளில் எந்தப் பயணக் குழுவின் பஸ்ஸையும் விடக் கூடாது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். என்னிடம் வந்தபோது படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினேன்.

ஏன் என்று கேட்டார்கள். நான் சொன்னது சரியாக வரவில்லை. குரல் உயர்ந்துவிட்டது, காபி ஆறிவிட்டது. அதன்பின் என்னைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன: எனக்கு இயற்கை பற்றிய பிரக்ஞை கிடையாது; நான் ஓட்டல்காரர்கள் கட்சிக்குப் போய்விட்டேன். இரண்டுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பாதிப்பேர் அன்று அந்த அறையில் இருந்தவர்கள்தாம். மற்றப் பாதிக்கும் விஷயம் தெரியட்டும்.

முதலில் தாளின் பாஷை. நாங்கள் எல்லோரும் வார்த்தைகளை எண்ணிப் பழகியவர்கள் என்பதால் எண்ணினேன். ‘மௌனம்’ நான்கு முறை வருகிறது. ‘கூட்டம்’ ஆறு முறை. ‘தொழிலாளி’ ஒருமுறையும் வரவில்லை. ‘கார்’ என்ற சொல்லும் ஒருமுறைகூட வரவில்லை. ஒரு கவிதையில் இப்படிச் சொற்கள் வந்தும் வராமலும் இருந்தால் அதை வைத்து நாம் பத்துப் பக்கம் விமர்சனம் எழுதுவோம். வேண்டுகோள் என்றால் எழுதக் கூடாதா?

2

கணக்குக்கு வருகிறேன். இலக்கியக்காரர்களுக்குக் கணக்கு ஆகாது என்பது நாமே பரப்பிவைத்திருக்கும் பொய். ராயல்டி விஷயத்தில் நமக்கு நன்றாகவே வரும்.

2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு கணக்கு வைக்கப்பட்டது. சீசன் காலத்தில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு நுழையும் வண்டிகள் 20,011. அதில் கார் 11,509. இருசக்கர வண்டி 6,524. வேன் 1,341. பஸ் 637. இதைப் பார்த்துத்தான் நீதிமன்றம் திகைத்து, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் சொன்னது. அது 2024 மே 7 அன்று அமலுக்கு வந்தது. முதலாண்டில் கேட்டவருக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. அது வெறும் தலை எண்ணும் ஏற்பாடு. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை உச்ச வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உடனே ஏப்ரல் 2 அன்று நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். கொடைக்கானலில் அதற்கு முன்பே, 2024 நவம்பரில், 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களைத் தடை செய்தாயிற்று.

இருபதாயிரத்துப் பதினொன்றில் அறுநூற்று முப்பத்தேழு. நூற்றுக்கு மூன்று. இந்த மூன்றை நிறுத்தினால் மலை பிழைத்துவிடும் என்று எட்டுக் கவிஞர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். காருக்கு நான்கு பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் 11,509 காரில் வருகிறவர்கள் 46,036 பேர். அவர்களை ஐம்பது இருக்கை பஸ்களில் உட்கார வைத்தால் 921 பஸ் போதும். காருக்கு நான்கு மீட்டர் நீளம் என்று வைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிறுத்தினால் 46 கிலோமீட்டர் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை போகிற மலை ரயில் பாதையின் மொத்த நீளம் ஏறக்குறைய அதுதான். 921 பஸ்களை, அதுவும் 12 மீட்டர் பஸ்களையே, அப்படி நிறுத்தினால் 11 கிலோமீட்டர். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இயற்கைப் பிரக்ஞை எதுவும் தேவையில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கு போதும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பஸ்ஸுக்குப் பெர்மிட் வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டமும் அதற்கு முந்திய 1939 சட்டமும் இதைத்தான் சொல்கின்றன. சுற்றுலா பஸ் என்றால் ஒப்பந்த ஊர்தி பெர்மிட். வழியில் நிறுத்தி டிக்கட் போட்டு ஆள் ஏற்றக் கூடாது. இருக்கைக்கு இவ்வளவு என்று வரி. தகுதிச் சான்று, டிரைவருக்குத் தனி லைசென்ஸ், எல்லையில் ஒரு செக்போஸ்ட், அடிவாரத்தில் ஒன்று. சொந்தக் காருக்கு எந்தப் பெர்மிட்டும் கிடையாது. அவன் யாரிடமும் எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று பதில் சொன்னதில்லை. இ-பாஸ் வந்தபோதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கேட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அதைத்தான் சுதந்திரம் பறிபோனதாக அவன் உணர்ந்தான். பஸ்காரன் எண்பது வருஷமாகக் கேட்டுவிட்டுத்தான் போய்க்கொண்டிருக்கிறான். இப்போது நம் நண்பர்கள் சொல்வது: கேட்டாலும் கொடுக்காதே.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு நல்ல புத்தி இருந்தது. அரசு பஸ்ஸில் வருபவனுக்கும் ரயிலில் வருபவனுக்கும் இ-பாஸ் தேவையில்லை என்றார்கள். சாலையில் யாருக்கு முதல் உரிமை என்பதை நீதிமன்றம் அந்த மட்டும் உணர்ந்திருந்தது. எங்கள் எட்டுக் கவிஞர்களுக்கு அது படவில்லை.

3

தாளின் இரண்டாவது, மூன்றாவது கோரிக்கைகள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிறகு தெரிந்தது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தேயிலைத் தோட்டம். நம் வட்டத்தில் பலர் அங்கே போய்த் தங்கியிருக்கிறோம். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. உரிமையாளர் நல்ல வாசகர், நம் பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டுகிறவர். இரவில் கணப்பு, புத்தகம், பேச்சு. காலையில் தோட்டத்தைச் சுற்றிக்காட்டுவார்கள். இலை பறிப்பதிலிருந்து வாட்டி, உருட்டி, கோப்பைக்கு வரும் வரை. இந்தச் சுற்றுலாவுக்கு இப்போது நல்ல காசு. நம்மிடம் வாங்குவதில்லை, நம் பெயரைச் சொல்லி மற்றவர்களிடம் வாங்குகிறார். அது அவர் தொழில், குறையில்லை.

அந்தத் தோட்டத்துக்குப் போகும் பஞ்சாயத்துச் சாலையில் இன்னும் கொஞ்சம் தூரம் போனால் ஒரு காரட் விவசாயி இருக்கிறார். ஒன்றரை ஏக்கர். மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் அவர் விலை. விலை இறங்கிய ஒரு வருஷத்தில் அவருக்கு ஒரு யோசனை: பக்கத்துத் தோட்டத்துக்காரர் இலையைக் காட்டிச் சம்பாதிக்கும்போது நான் காரட்டைக் காட்டினால் என்ன? கீழே சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசி, பிள்ளைகளை அழைத்துவர ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். மண்ணில் கை விட்டுக் காரட்டைப் பிடுங்குவார்கள். தலைக்கு இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ. ஒரு பஸ் வந்தது. இரண்டாவது பஸ் வருவதற்குள் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு போய்விட்டது: குறுகலான சாலை, கனரக வாகனம், சுற்றுச்சூழல், அமைதி. விவசாயியிடம் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். பஞ்சாயத்தில் கேட்டால் போலீஸைக் கேள் என்றார்கள். அங்கே கேட்டால் போக்குவரத்து அதிகாரியை. அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த மனுவோடு இணைக்கத்தான் நம்முடைய தாள். இதைச் சொன்னவர் அதில் கையெழுத்திட்ட நண்பர்களில் ஒருவர்தான். அவருக்கும் பிறகுதான் தெரிந்ததாம். மற்றவர்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்கப் போவதில்லை. தெரியாமல் போட்டிருந்தால் படிக்காமல் போட்டிருக்கிறோம். தெரிந்து போட்டிருந்தால் ஒன்றரை ஏக்கர்க்காரன் மேல் இலக்கியத்தை ஏவியிருக்கிறோம். எது மேல் என்று அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

சாலை குறுகல் என்பது உண்மை. அந்தச் சாலையில் சனிக்கிழமை காலை பதினைந்து கார் தோட்டத்துக்குப் போவதும் உண்மை. ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஐம்பது பிள்ளைகள் வந்தால் கூட்டம். பதினைந்து காரில் நாற்பது பேர் வந்தால் ரசனையுள்ள சிறு குழு.

4

இது ஒரு தோட்டத்துக்காரரின் வியாபாரத் தகராறு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்தத் தாளை அவர் எழுதவில்லை. நாம் எழுதினோம். அதன் பாஷை நம்முடையது. மௌனம், பனிமூட்டம், ஏகாந்தம், மனித ஸ்பரிசம் படாத பச்சை. 1959இல் ‘எழுத்து’ தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கங்களில் நாம் சேர்த்துவைத்த சரக்கு இது. தனிமனிதனின் தனிமையைப் பேச நமக்கு அப்போது நியாயம் இருந்தது. மேடையில் இரைச்சலாக இருந்த தமிழிலிருந்து ஒரு மெல்லிய குரலைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தனிமை எப்போது தனிச்சொத்தாக மாறியது? ‘நான் மட்டும் பார்க்கிறேன்’ என்பது எப்போது ‘நான் மட்டும் பார்க்க வேண்டும்’ என்று ஆயிற்று? நம் புதுக்கவிதையில் பஸ் வந்தால் அது வியர்வையும் நெரிசலும் கால்மிதியும்தான். ஜன்னலோரம் கிடைத்தால் மட்டும் தத்துவம். மலை வந்தால் அதில் ஆளே இருக்க மாட்டார்கள்.

இதற்குக் குறிஞ்சி என்று பெயர் வேறு. தொல்காப்பியர் கருப்பொருளில் தெய்வத்தையும் மரத்தையும் பறவையையும் மட்டும் வைக்கவில்லை. உணவை வைத்தார், பறையை வைத்தார், தொழிலை வைத்தார். வேலை செய்கிறவன் இல்லாமல் திணை கிடையாது என்பது அந்தப் பழைய இலக்கணத்துக்குத் தெரிந்திருக்கிறது. நவீனத்துவக்காரர்களுக்குத் தெரியவில்லை. நீலகிரிப் படுகர்களின் வாழ்க்கையை 1963இல் ‘குறிஞ்சித் தேன்’ நாவலில் எழுதிய ராஜம் கிருஷ்ணனை நாம் கலைஞர் வரிசையில் சேர்க்கவில்லை. தகவல் சேகரித்து எழுதுகிறவர் என்று சொல்லித் தள்ளினோம். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டானியல் கூலிகளின் கதையை 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார். ‘எரியும் பனிக்காடு’ என்று அதை இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவரும் வரை நம்மில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருந்தோம்? மலையில் ஆட்களைப் பார்த்தவர்கள் நம் வட்டத்துக்கு வெளியேதான் இருந்தார்கள்.

போன மே மாதம் நான் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு அரசு பஸ்ஸில் போனேன். சீசனில் வண்டிகள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழியாக்குவது வழக்கம். எங்கள் பஸ் இறங்கிவரும் கார் வரிசைக்கு எதிரே ஏறிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு நின்றது. பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் கோவை அரசு ஆஸ்பத்திரிச் சீட்டும் மாத்திரைப் பையும். அவருடைய அப்பா சிலோனிலிருந்து வந்தவராம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு மலை. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 5,25,000 பேரில் அவரும் ஒருவர். “எங்க அப்பா பாஸ் வாங்கித்தான் சார் வந்தாரு. அந்தக் கடுதாசி இன்னும் தகரப்பெட்டியில இருக்கு” என்றார். நான் இ-பாஸ் பற்றி ஏதோ சொல்லப்போக வந்த பதில் இது. அவர் கிண்டல் செய்யவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே வளைவில் நின்றபோது, “இந்தக் கார் எல்லாம் எதைப் பாக்க சார் வருது?” என்று கேட்டார். தோட்டத்தைப் பார்க்க என்றேன். “அதுல என்ன இருக்கு?” என்றார். முப்பது வருஷம் அதில் கொழுந்து பறித்தவர்.

அவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசின் டான்டீ தோட்டங்கள் உண்டாயின. அந்த நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பிக் கொடுக்க 2022இல் ஆணை வந்தது. காடு திரும்ப வேண்டும் என்பது நல்ல காரணம்தான். ஒவ்வொரு முறையும் நல்ல காரணம்தான். நல்ல காரணம் வரும்போதெல்லாம் எழுந்து போகச் சொல்லப்படுவது யார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு வருகிறேன்.

5

மலைக்கு ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அங்கே புதைந்தவர்களில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உண்டு. மலை சரிந்தால் முதலில் சாகிறவர்கள் பஸ்ஸில் போகிறவர்கள்தாம். ஆகவே மலை தாங்குமா என்ற கேள்வி அவர்களுடைய கேள்வி. நாம் அதை அவர்களுக்கு எதிராகத் திருப்பக் கூடாது.

கோட்டூர்புரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறவனுக்கு இது தெரியாமல் போகாது. 2015 டிசம்பரில் அடையாறு இங்கே வீடுகளுக்குள் வந்தது. ஆற்றைக் காக்க வேண்டும் என்றார்கள். காத்தார்கள். கரையில் இருந்த குடிசைகளைப் பிரித்து ஆட்களைப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கரையில் இருந்த பெரிய கட்டடங்கள் அப்படியே இருக்கின்றன. பெரும்பாக்கம் போன பெண்களில் பலர் விடியற்காலை பஸ் பிடித்து, மாறி, மறுபடி கோட்டூர்புரம் வந்து பாத்திரம் தேய்க்கிறார்கள். அன்று நாங்கள் குடித்த காபியின் டம்ளர்கள் உட்பட. சுற்றுச்சூழல் என்ற சொல் ஏழையின் முகவரியை மாற்றிவிட்டு அதோடு நின்றுகொள்வதை இந்த ஊரிலேயே பார்த்துவிட்டு, மலைக்கும் அதையே சிபாரிசு செய்ய எப்படி மனம் வந்தது?

வழி இல்லாமல் இல்லை. மலை எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்கிடும் பொறுப்பைச் சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைத்தார்கள். ஐ.ஐ.டி. நமக்கு சர்தார் படேல் சாலையின் மறுபக்கம். கிண்டிக் காட்டை ஒதுக்கி 1959இல் உண்டானது. உள்ளே இன்றும் மான் திரிகிறது. அங்கே மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது. சைக்கிள் உண்டு, வளாகம் சுற்ற பஸ் உண்டு. காட்டுக்குள் மனிதர்கள் எப்படிப் போய்வர வேண்டும் என்பதற்கு விடையைத் தேடி அவர்கள் மலை ஏறவே வேண்டாம். சபரிமலைக்குப் போகிறவர்களின் வண்டிகளை 2018க்குப் பிறகு நிலக்கல்லிலேயே நிறுத்தி, அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசு பஸ்ஸை விட்டார்கள். அமெரிக்காவில் ஸயன் பூங்காவின் பள்ளத்தாக்கில் 2000இலிருந்து சீசனில் காரை விடுவதில்லை, பஸ் மட்டும். பந்திப்பூர்க் காட்டில் இரவுப் போக்குவரத்தை 2009இல் நிறுத்தியபோதுகூட, ஆம்புலன்ஸையும் ஒரு சில அரசு பஸ்களையும் அனுமதித்தார்கள். வெனிஸ் நகரம் 2024இல் வேறு வழியில் போனது: பகலில் வந்து மாலையில் திரும்புகிறவனுக்கு ஐந்து யூரோ கட்டணம், ஓட்டலில் அறை எடுத்துத் தங்குகிறவனுக்கு அந்தக் கட்டணம் இல்லை. நம் நண்பர்களின் தாள் வெனிஸ் ஜாதி. அறை எடுக்க முடிந்தவனுக்கே அழகு.

ஆகவே நான் கையெழுத்திடக்கூடிய தாளை இங்கேயே எழுதிவிடுகிறேன். சீசன் நாட்களில் சொந்தக் கார்களை மேட்டுப்பாளையத்திலும் கூடலூர்ப் பக்கத்து அடிவாரத்திலும் நிறுத்த வேண்டும். நம் நண்பர்கள் கார்களையும் சேர்த்து. அங்கிருந்து அரசு பஸ், ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. ஆம்புலன்ஸுக்கும் காய்கறி லாரிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் தடை கூடாது. தோட்டத்தையோ பண்ணையையோ காட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்றால் இருநூறு ஏக்கருக்கும் ஒன்றரை ஏக்கருக்கும் ஒரே படிவம், ஒரே மேஜை, ஒரே கெடு. குறுகலான சாலை என்றால் சின்ன பஸ் விடுங்கள்; அதற்காகப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாதீர்கள். எண்ணுவதென்றால் ஆட்களை எண்ணுங்கள். ஓர் ஆள் எத்தனை அடி சாலையை எடுத்துக்கொள்கிறான் என்பதை எண்ணுங்கள்.

இதில் கவித்துவம் எதுவும் இல்லை என்பது தெரியும். 2011 நவம்பரில் நம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அரசு அறிவித்தபோது நாம் எழுதிய வேண்டுகோள்களிலும் கவித்துவம் இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்திருங்கள் என்றுதான் கேட்டோம். அந்தத் தாளில் நான் முதல் ஆளாகக் கையெழுத்திட்டேன். அதே காரணத்துக்காகத்தான் இதில் போடவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன். இந்தத் தாளைக் கொண்டுவருகிறேன். காரட் விவசாயியின் மனுவின் நகலையும் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் கீழே கையெழுத்துக்கு நிறைய இடம் இருக்கிறது.